முகவரிப் புத்தகத்தில் ஒரே பெயர் பலமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளிலும், மண்ணடியில் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருவில் துறைமுகச் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் அலுவலகங்களிலும் கணினி பார்த்துக் கொடுப்பது என் வேலை. பிரிண்டருக்காகப் போனாலும் சரி, நெட் இணைப்புக்காகப் போனாலும் சரி, கிளம்பும் நேரத்தில் ஒருவர் கேட்டுவிடுவார்: "மெயிலில் பெயரெல்லாம் இரண்டு இரண்டாக வருகிறதே, ஏன்?" அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போகும் இடங்களில் பலர் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை வைத்திருப்பதால் பதில்கள் அதைச் சுற்றியே இருக்கும். ஜிமெயிலும் அவுட்லுக்கும் தேவையான இடத்தில் வரும்.

1. சார், ஒரே ஆளின் பெயர் நான்கு தடவை வருகிறது. வைரஸ் ஏதாவது வந்துவிட்டதா?

வைரஸ் இல்லை. ஒரே ஆள் நான்கு வழியாக உள்ளே வந்திருக்கிறார். நீங்கள் கையால் சேர்த்தது ஒன்று. அவருக்கு மெயில் அனுப்பியபோது தானாகப் பதிவானது இன்னொன்று. பழைய கணினியிலிருந்து கோப்பாகக் கொண்டுவந்து ஏற்றியது மூன்றாவது. போனில் இருக்கும் பெயர்களைக் கணக்கோடு இணைத்தபோது வந்தது நான்காவது. ஆள் ஒருவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

சிம் கார்டுக்கும் இதில் பங்கு உண்டு. சிம்மில் பொதுவாக ஒரு பதிவுக்கு ஒரு பெயர், ஒரு எண்தான் நிற்கும். கடை எண், வீட்டு எண் என்று இரண்டு வைத்திருப்பவரைச் சிம்மில் சேமித்தால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். புதுப் போன் வாங்கிச் சிம்மிலிருந்து பெயர்களை எடுக்கும்போது அந்த இருவரும் கூகுள் கணக்குக்குப் போய், அங்கிருந்து மெயிலுக்கும் வந்து சேர்வார்கள்.

2. முகவரிப் புத்தகம் என்கிறீர்கள். நான் எதையும் எழுதி வைத்ததே இல்லையே?

நீங்கள் எழுதவில்லை, அதுவே எழுதிக்கொள்கிறது. தண்டர்பேர்டில் 'பெர்சனல் அட்ரஸ் புக்', 'கலெக்டட் அட்ரஸஸ்' என்று தொடக்கத்திலேயே இரண்டு புத்தகங்கள் இருக்கும். முதலாவது நீங்கள் சேர்ப்பது. இரண்டாவதில், நீங்கள் மெயில் அனுப்பும் புதிய முகவரிகள் கேட்காமலே சேர்ந்துகொண்டிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இரண்டையும் பார்க்கலாம்.

ஜிமெயிலில் இதே வேலையை 'அதர் கான்டாக்ட்ஸ்' செய்கிறது. பழைய அவுட்லுக்கில், பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்து தட்டியதும் விழும் பெயர்கள் முகவரிப் புத்தகத்திலிருந்து மட்டும் வருபவை அல்ல. 'ஆட்டோ கம்ப்ளீட்' என்ற தனிப் பட்டியல் ஒன்று அங்கே இருக்கிறது. புத்தகத்தில் அழித்த பிறகும் அந்தப் பெயர் விழுந்துகொண்டே இருந்தால் காரணம் அதுதான். பெயருக்குப் பக்கத்தில் தெரியும் பெருக்கல் குறியைத் தட்டி அங்கிருந்தும் எடுத்துவிடலாம்.

3. இரண்டு பெயர் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்? அப்படியே விட்டுவிடக் கூடாதா?

இரண்டிலும் ஒரே முகவரி இருந்தால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். ஒரே பெயரில் பழைய முகவரியும் புதிய முகவரியும் தனித்தனியே கிடந்தால்தான் ஆபத்து.

மண்ணடியில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கப்பல் நிறுவனத்தில், சரக்கை எடுத்துப்போக அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர் கொடுக்கும் பணியில் இருந்தவர் வேறு கிளைக்கு மாறிவிட்டார். அவருடைய பழைய முகவரி ஒன்று, புதியது ஒன்று, அந்த மேஜைக்கென்றே உள்ள பொது முகவரி அவர் பெயரிலேயே ஒன்று என மூன்று பதிவுகள் இருந்தன. அலுவலகப் பையன் மூன்று எழுத்து தட்டினான், முதலில் விழுந்ததைத் தேர்ந்தெடுத்தான், அனுப்பிவிட்டான். போனது பழைய முகவரிக்கு. அந்தப் பெட்டி இன்னும் உயிரோடு இருந்ததால் மெயில் திரும்பியும் வரவில்லை. பதில் வரும், வரும் என்று காத்திருக்கும்போதே கன்டெய்னருக்குக் கொடுத்த இலவச நாட்கள் முடிந்து டீட்டென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிட்டது. முதலில் விழும் பெயரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அந்தப் பெயர் சரியானதாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடும்.

4. சரி, செய்துவிடலாம். எதிலிருந்து தொடங்குவது?

நகல் எடுப்பதிலிருந்து. தண்டர்பேர்டில் முகவரிகளுக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தால் அழித்ததுதான். அதனால் முதல் பத்து நிமிடம் நகலுக்கு.

முகவரிப் புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, முகவரிகளுக்கென்றே உள்ள வி-கார்டு கோப்பாக ஒன்றும், எக்செலில் அட்டவணையாகத் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக ஒன்றும் சேமியுங்கள். சி.எஸ்.வி. எடுக்கும்போது, தமிழ் எழுத்து கெடாமல் இருக்க, யு.டி.எஃப்-8 என்ற எழுத்து முறை போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இந்தக் கோப்புகளில் பெயரும் எண்ணும் வந்துவிடும். சி.எஸ்.வி.யில் புகைப்படங்களும் நீங்கள் கட்டி வைத்த குழுப் பட்டியல்களும் வராது. எல்லாமே வேண்டுமென்றால் 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து, 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். மெயில்களும் அதற்குள் இருப்பதால் பெரியதாக இருக்கும். பரவாயில்லை.

5. தண்டர்பேர்டில் இரட்டைப் பெயர்களை எடுக்க ஒரு பொத்தான் இருக்கும், அதைக் காட்டுங்கள் போதும்.

அப்படிப் பொத்தான் இல்லை. கூடுதல் செயலிகள் சில உண்டு. உங்களிடம் இருக்கும் தண்டர்பேர்ட் பதிப்புக்கு அவை பொருந்துமா என்று அந்தந்தச் செயலியின் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். தண்டர்பேர்ட் 102 பதிப்பில், அதாவது 2022இல், முகவரிப் புத்தகமே புதிதாக மாற்றி எழுதப்பட்டது. அதற்கு முன் வந்த செயலிகள் எல்லாமே அதோடு ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது.

சில நூறு பெயர்கள் என்றால் கையால் செய்வதே நல்லது. பட்டியலை அட்டவணை வடிவத்துக்கு மாற்றுங்கள். மின்னஞ்சல் என்ற தலைப்பைத் தட்டினால் முகவரி வரிசையில் அடுக்கிவிடும், ஒரே முகவரி உள்ளவை அடுத்தடுத்து வந்து நிற்கும். அதை முடித்துவிட்டுப் பெயர்த் தலைப்பைத் தட்டுங்கள். இப்போது ஒரே பெயரில் வேறு வேறு முகவரி உள்ளவை தெரியும். முதல் சுற்றில் வேகமாகப் போகலாம். இரண்டாவது சுற்றில் நிதானம் வேண்டும், மூன்றாம் கேள்வியில் சொன்ன மாதிரியான பதிவுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

6. இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?

அதிக விவரம் உள்ளதை வையுங்கள். அழிக்கப் போகும் பதிவைத் திறந்து, அதில் மட்டும் இருக்கும் எண்ணையோ குறிப்பையோ இதில் சேர்த்துவிட்டுப் பிறகு அழியுங்கள். அவசரத்தில் பலர் தவறவிடுவது குறிப்புப் பகுதியைத்தான். ஜி.எஸ்.டி. எண், 'மதியத்துக்கு மேல்தான் பேச வேண்டும்', 'பணம் மகனிடம் கேட்கவும்' என்று தொழிலுக்கு உயிரான சங்கதிகள் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

எந்த முகவரி இப்போது நடப்பில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், அவரிடமிருந்து கடைசியாக வந்த மெயிலைத் தேடி எடுங்கள். அவர் எந்த முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறாரோ அதுதான் நடப்பு முகவரி. நீங்கள் அவருக்கு அனுப்பியதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

7. ஆயிரக்கணக்கில் இருக்கிறது தம்பி. ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லை.

அப்படியானால் நான்காம் பதிலில் எடுத்த சி.எஸ்.வி. கோப்பை, எக்செல் போன்ற லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறங்கள். திறக்கும்போது வரும் பெட்டியில் எழுத்து முறை யு.டி.எஃப்-8 என்று இருக்கட்டும். தொலைபேசிப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள். பிறகு மின்னஞ்சல் பத்தியை வைத்து வரிசைப்படுத்தி, இரட்டைகளை நிறம் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துப் பார்த்து நீக்குங்கள்.

எக்செலில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' இருக்கிறதே என்பார்கள். அதில் இரண்டு கண்ணிகள் உண்டு. அது மேலே இருக்கும் வரியை வைத்துக்கொண்டு கீழே இருப்பதை நீக்கும், எதில் விவரம் அதிகம் என்று பார்க்காது. அதைவிட மோசம், மின்னஞ்சல் பத்தியை மட்டும் வைத்து நீக்கச் சொன்னால், மின்னஞ்சல் இல்லாமல் எண் மட்டும் உள்ள அத்தனை பேரும் 'காலி' என்ற ஒரே முகவரி உள்ளவர்களாகிவிடுவார்கள். முதல் ஆள் மட்டும் மிஞ்சுவார், மற்றவர்கள் போய்விடுவார்கள். மின்னஞ்சல் இல்லாத வரிகளை முதலில் வேறு தாளுக்கு மாற்றிவிட்டுத்தான் அந்தப் பொத்தானைத் தொட வேண்டும்.

சுத்தம் செய்த கோப்பைப் பழைய புத்தகத்திலேயே ஏற்றாதீர்கள், இருப்பது இரட்டிப்பாகும். புதிதாக ஒரு காலிப் புத்தகம் உருவாக்கி அதில் ஏற்றுங்கள். சில வாரம் அதையே வைத்து வேலை பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு பழையதை நீக்கலாம்.

8. எக்செலில் திறந்தேன். தமிழ்ப் பெயரெல்லாம் கிறுக்கலாகிவிட்டது, போன் எண்ணும் என்னவோ ஆகிவிட்டது!

எதையும் சேமிக்காமல் உடனே மூடிவிடுங்கள். சேமிக்காத வரை கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் இடம் எடுக்கும். கோப்பை இரட்டைத் தட்டலில் திறக்கும்போது சில கணினிகளில் எக்செல் அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிடுகிறது. கிறுக்கல் அதனால் வருகிறது. இரட்டைத் தட்டல் வேண்டாம். காலித் தாளைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் கோப்பிலிருந்து எடுக்கும் வழியில் போய், யு.டி.எஃப்-8 தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள்.

எண்களின் கதை வேறு. எக்செல் அவற்றைக் கணக்குப் போடும் எண்களாக நினைக்கிறது. முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் கூட்டல் குறியையும் தூக்கிவிடும். 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்க எண்ணைச் சுருக்கி அடுக்குக்குறி வடிவில் காட்டும். அந்த நிலையில் சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் உண்மையிலேயே அழிந்துவிடும். ஏற்றும்போதே அந்தப் பத்தி 'டெக்ஸ்ட்' ஆக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

9. ஜிமெயிலில் இதெல்லாம் தானாக நடக்குமாமே?

பாதி நடக்கும். கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' என்று இருக்கிறது. ஒன்றாக இருக்கக்கூடியவர்களை அது ஜோடி ஜோடியாகக் காட்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒப்புதல் கொடுத்தால் இரண்டு பதிவின் விவரங்களும் ஒன்றாகச் சேரும், எதுவும் தொலையாது. இந்த வகையில் தண்டர்பேர்டைவிட வசதி.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் இணைக்கும் 'மெர்ஜ் ஆல்' பொத்தானை மட்டும் தொடாதீர்கள். ஏன் என்று 16ஆம் கேள்வியில் பாருங்கள். 'அதர் கான்டாக்ட்ஸ்' சேர்ந்துகொண்டே போவதை நிறுத்த, ஜிமெயில் அமைப்புகளின் பொதுப் பக்கத்தில் 'கிரியேட் கான்டாக்ட்ஸ் ஃபார் ஆட்டோ கம்ப்ளீட்' என்ற இடத்தில், நானே சேர்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

10. அவுட்லுக்கில்?

பழைய அவுட்லுக்கில் கோப்பை ஏற்றும்போதே மூன்று வழிகள் கேட்கும்: இரட்டையை மாற்றி எழுதவா, இரட்டையை அனுமதிக்கவா, இரட்டையை ஏற்றாமல் விடவா என்று. யோசிக்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டுபவர்களுக்குத்தான் எல்லாம் இரண்டாகிறது. மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கே 'லிங்க்' என்ற வசதியும் உண்டு. இரண்டு பதிவை ஒன்றாகக் காட்டும், ஆனால் உள்ளே இரண்டும் தனித்தனியாகவே இருக்கும். வேண்டாமென்றால் பிரித்துக்கொள்ளலாம்.

11. கம்ப்யூட்டரில்தான் அழித்தேன். போனிலும் அந்தப் பெயர் காணாமல் போய்விட்டதே!

நீங்கள் அழித்தது கணக்கோடு இணைந்த புத்தகத்தில். தண்டர்பேர்ட் 91 பதிப்பிலிருந்து, அதாவது 2021இலிருந்து, முகவரிகளை ஒரு கணக்கோடு இணைத்து வைக்கும் கார்ட்-டாவ் என்ற முறை உள்ளேயே வந்துவிட்டது. அதன் வழியாகக் கூகுள் கணக்கை இணைத்திருந்தால் கணினியில் தெரிவதும் போனில் தெரிவதும் ஒரே பட்டியல்தான். இங்கே அழித்தால் அங்கேயும் போகும்.

கூகுள் கணக்கில் அழிந்த பெயர் 30 நாள் வரை அதன் குப்பைத்தொட்டியில் இருக்கும். அங்கிருந்து மீட்டுவிடுங்கள். புத்தகத்தில் உள்ள பெயர்களை அழிப்பது வேறு, இணைக்கப்பட்ட புத்தகத்தையே தண்டர்பேர்டிலிருந்து விலக்குவது வேறு. விலக்கினால் கணினியில் இருக்கும் பார்வை மட்டும் போகும், கணக்கில் இருக்கும் பெயர்கள் அப்படியே இருக்கும்.

12. நீங்கள் சுத்தம் செய்து கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுபடியும் எல்லாம் வந்துவிட்டன. என்ன வேலை பார்த்தீர்கள்?

இந்தக் கோபம் நியாயமானது. குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தால் இப்படித்தான் ஆகும். இரட்டைகள் எந்த வழியாக வருகின்றன என்று கண்டுபிடித்து அடைக்காத வரை எத்தனை முறை அழித்தாலும் வீண். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் வழி, இரண்டு இணைப்புகள். கார்ட்-டாவ் உள்ளேயே வருவதற்கு முன், கூகுள் பெயர்களைத் தண்டர்பேர்டுக்குக் கொண்டுவரத் தனிச் செயலி போட்டிருந்தார்கள். புதிய பதிப்பு வந்ததும் உள்ளேயே இருக்கும் வசதியையும் இயக்கிவிட்டார்கள், பழையதை எடுக்கவில்லை. ஒரே பட்டியல் இரண்டு வழியாக வந்து இறங்குகிறது. இடப்பக்கம் ஒரே கணக்கின் பெயரில் இரண்டு புத்தகங்கள் தெரிந்தால் இதுதான் நோய். செயலியை முதலில் நிறுத்துங்கள், பிறகு அதன் புத்தகத்தை விலக்குங்கள்.

இரண்டாவது, இணைந்த கணக்குக்குள் சி.எஸ்.வி. கோப்பை ஏற்றுவது. 2011 ஆகஸ்டில் வெளியான வி-கார்டு 4.0 தரத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் வைக்க இடம் உண்டு. இணைப்பு வேலை அந்த அடையாளத்தை வைத்து நடக்கிறது, பெயரை வைத்து அல்ல. சி.எஸ்.வி.யாக மாற்றும்போது அந்த எண் கழன்றுவிடும். திரும்ப ஏற்றினால் எல்லோரும் புது ஆட்களாக வந்து சேர்வார்கள். ஏழாம் பதிலில் காலிப் புத்தகம் என்று சொன்னது கணினியிலேயே இருக்கும் புத்தகத்தைத்தான்.

மூன்றாவது, தானாகச் சேரும் பட்டியல். தண்டர்பேர்ட் அமைப்புகளில் 'கம்போசிஷன்' பக்கத்தில், அனுப்பும் முகவரிகளைத் தானாகச் சேர்க்கும் குறியை எடுத்துவிடுங்கள். வேண்டியவரை நீங்களே சேர்த்துக்கொள்ள ஒரு தட்டு போதும்.

நான்காவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அலமாரியில் கிடக்கும் பழைய போன். அது இன்னும் அதே கணக்கில் இருக்கும். பிள்ளைகள் விளையாட எடுத்து நெட்டோடு இணைத்ததும் பழைய பெயர்களை மேலே தள்ளக்கூடும். அந்தப் போனிலிருந்து கணக்கை விலக்குங்கள்.

13. ஒருவர் பெயர் 'எஸ். முருகன்' என்றும் 'முருகன் எஸ்.' என்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் வேறு இரண்டு. எப்படி ஒன்றாக்குவது?

முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற பிரிப்பு நம் வழக்கத்துக்கு ஒத்துவராதது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டால் 'எஸ்.' முதற்பெயராகவும் முருகன் குடும்பப்பெயராகவும் போய் உட்காரும். பின்னால் போட்டால் தலைகீழ். வரிசைப்படுத்தும்போது இருவரும் எங்கெங்கோ போவார்கள்.

ஏதாவது ஒரு முறையை அலுவலகம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். முதற்பெயர்க் கட்டத்தில் ஆளின் பெயர், கடைசிப் பெயர்க் கட்டத்தில் முதலெழுத்து என்பதே வசதி என்பது என் கருத்து. தேடும்போது யாரும் முதலெழுத்தைத் தட்டுவதில்லை. காட்சிப் பெயரைத் தமிழில் வையுங்கள். ஆங்கில வடிவை 'நிக்நேம்' கட்டத்தில் எழுதுங்கள். தண்டர்பேர்ட் அந்தக் கட்டத்தையும் பார்த்தே பெயரை நீட்டும் என்பதால் எந்த எழுத்தில் தட்டினாலும் அவர் வருவார்.

14. இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். தேடினால் ஒன்று மட்டும்தான் வருகிறது. கண்ணாலேயே பார்க்கிறேன், ஒரு வித்தியாசமும் இல்லையே?

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன் போன்ற பெயர்களில் இது அடிக்கடி நடக்கும். 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒன்று வழக்கமான 'ஸ' வைத்து. இன்னொன்று 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த 'ஶ' வைத்து. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே உருவில் தெரியும். எது வரும் என்பது நீங்கள் பயன்படுத்தும் கீபோர்டைப் பொறுத்தது. கணினியில் தட்டியது ஒன்றாகவும் போனில் தட்டியது வேறாகவும் இருக்கலாம்.

'கோபால்' போன்ற பெயரிலும் சிக்கல் உண்டு. 'கோ'வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. எல்லா மென்பொருளும் அதைக் கவனித்து ஒப்பிடுவதில்லை. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடமும் இதே வேலையைச் செய்யும்.

இதற்கு வைத்தியம் எளிது. ஒரு பதிவின் பெயரை நகலெடுத்து மற்றதில் ஒட்டுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும், அதன் பிறகு இணைக்கலாம்.

15. ஜிமெயில் முகவரி, நடுவில் புள்ளி வைத்து ஒன்று, புள்ளி இல்லாமல் ஒன்று. வேறு வேறு ஆளா?

ஒரே ஆள், ஒரே பெட்டி. ஜிமெயில் டாட் காம் என்று முடியும் முகவரிகளில் புள்ளிக்கு மதிப்பில்லை. கூட்டல் குறி போட்டு அதற்குப் பின்னால் ஏதாவது சேர்த்திருந்தாலும் அதே பெட்டிக்குத்தான் போகும். அவர் எந்த வடிவில் கொடுத்தாரோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

சொந்தப் பெயரில் முடியும் அலுவலக முகவரிகளுக்கும் வேறு நிறுவன முகவரிகளுக்கும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அங்கே புள்ளி மாறினால் ஆளே மாறக்கூடும்.

தொலைபேசி எண்ணிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. வெறும் பத்து இலக்கம், முன்னால் பூஜ்யம், முன்னால் 91 என்று ஒரே எண் மூன்று உருவில் இருக்கும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்றானபோது பலர் பூஜ்யத்தோடு இன்னொரு பதிவே போட்டுவிட்டார்கள். கூட்டல் குறி, 91, பிறகு எண் என்பதே எங்கும் செல்லும் வடிவம். சென்னை லேண்ட்லைனுக்கு 91க்குப் பிறகு 44, பிறகு எட்டு இலக்கம்.

16. எங்கள் சர்ச் பங்கில் எத்தனை அந்தோணி என்று உங்களுக்கே தெரியும். எல்லோரையும் ஒருவராக்கிவிட்டது!

இராயபுரம், காசிமேடு பக்கம் அந்தோணியும் சேவியரும் மேரியும் தெருவுக்குப் பலர். மண்ணடியில் முகமது என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை! பெயரை மட்டும் பார்த்து இணைத்தால் ஒருவருடைய பில் இன்னொருவருக்குப் போகும், ஒருவர் வீட்டுத் துக்கச் செய்தி இன்னொருவர் பெயரில் போகும். 'மெர்ஜ் ஆல்' வேண்டாம் என்றது இதற்காகத்தான். பெயரோடு மின்னஞ்சலோ எண்ணோ, ஏதாவது ஒன்று ஒத்துப்போனால் மட்டும் இணையுங்கள்.

நம் மக்கள் போனில் 'குமார் கொருக்குப்பேட்டை', 'குமார் தண்டையார்பேட்டை' என்று ஊர் சேர்த்தே பெயர் வைக்கிறார்கள். அதையே மெயிலிலும் செய்யுங்கள். ஊர்ப்பெயரைப் பலர் பலவிதமாக எழுதுவார்கள் என்பதால் முகவரிக் கட்டத்தில் பின்கோடும் இருக்கட்டும். இராயபுரம் 600013, பழைய வண்ணாரப்பேட்டை 600021, தண்டையார்பேட்டை 600081, திருவொற்றியூர் 600019. இரண்டு பேரைப் பிரித்துச் சொல்ல அந்த ஆறு இலக்கம் போதும்.

17. தவறாக இணைத்துவிட்டேன். பிரிக்க முடியுமா?

கூகுளில் அந்த ஒரு ஜோடியை மட்டும் பிரிக்க வழியில்லை. ஆனால் அமைப்புகளில் 'அன்டூ சேஞ்சஸ்' கொடுத்து, 30 நாளுக்குள் ஏதாவது ஒரு நேரத்துக்கு மொத்தப் பட்டியலையும் திருப்பிவிடலாம். அந்த நேரத்துக்குப் பிறகு சேர்த்த பெயர்களும் போய்விடும் என்பதால், அவற்றை முதலில் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டர்பேர்டில் நான்காம் பதிலில் எடுத்த நகல்தான் கதி. அதைப் புதிய புத்தகமாக ஏற்றி, அந்த இரண்டு பதிவுகளை மட்டும் இங்கே கொண்டுவந்துவிட்டு, அந்தப் புத்தகத்தை நீக்கிவிடலாம்.

18. சங்க அறிவிப்பு ஒருவருக்கு இரண்டு தடவை போகிறதாம். இன்னொருவருக்குப் போவதே நின்றுவிட்டது. எப்படி?

ஒரே முகவரி பட்டியலில் இரண்டு முறை இருந்தால் பெரும்பாலும் ஒரு பிரதிதான் போய்ச் சேரும். இரண்டு வருகிறது என்றால் அவருடைய இரண்டு வேறு முகவரிகள் பட்டியலில் இருக்கின்றன. எது வேண்டும் என்று அவரிடமே கேட்டு ஒன்றை எடுங்கள்.

மற்றவருக்கு நின்றதற்குக் காரணம் நீங்கள் செய்த சுத்தம். பட்டியலில் சேர்த்திருந்த பதிவை இரட்டை என்று அழித்திருப்பீர்கள். தண்டர்பேர்டில் ஒரு பதிவை அழித்தால் குழுப் பட்டியலிலிருந்தும் அது சத்தமில்லாமல் போய்விடும். மிஞ்சிய பதிவு தானாக அந்த இடத்துக்கு வராது. அழிப்பதற்கு முன் எல்லாப் பட்டியலையும் ஒருமுறை திறந்து, வைத்துக்கொள்ளப் போகும் பதிவை அங்கே சேர்த்துவிடுங்கள்.

19. கோப்பை ஏற்றினால் இலவசமாகச் சுத்தம் செய்து தரும் வலைத்தளம் ஒன்று இருக்கிறதாம். தரலாமா?

தராதீர்கள். அந்தக் கோப்பில் இருப்பது உங்கள் சொத்து மட்டும் அல்ல. உங்களை நம்பி எண் கொடுத்த வாடிக்கையாளர்கள், உறவினர்கள், அவர்கள் வீட்டு முகவரிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் ஊர் பேர் தெரியாதவரிடம் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. மேலே சொன்ன எல்லாமே உங்கள் கணினியிலோ நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் கணக்கிலோ செய்யக்கூடியவை.

20. அலுவலகத்தில் மூன்று கணினி. மூன்றிலும் மூன்று விதமாக இருக்கிறது. எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது?

தினமும் அதிகம் மெயில் அனுப்பும் கணினியை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டிலும் கோப்பு எடுத்து, அதில் மட்டும் இருக்கும் பெயர்களைப் பிரித்து இங்கே சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு அந்த ஒரே பட்டியலை ஒரு கணக்கில் வைத்து மூன்று கணினியிலும் இணைத்துவிடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் இணைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றால் மூன்று மடங்கு இரட்டைகள் கிடைக்கும். பெயர் சேர்ப்பது, மாற்றுவது இரண்டும் ஒருவர் பொறுப்பில் இருந்தால் நல்லது.

21. கடைக்கு ஒரே மெயில்தான். அப்பா, பெரியண்ணன், தம்பி மூன்று பேரும் அதையே பார்க்கிறார்கள். மூன்று பதிவையும் இணைத்துவிடலாமா?

எம்.சி. ரோட்டில் பாதிக் கடைகள் இப்படித்தான். மூவரையும் ஒருவர் பெயரில் இணைத்தால் மற்ற இருவருடைய செல் எண்கள் அவர் எண்களாகிவிடும். அப்பாவை அழைக்க நினைத்துத் தம்பியை அழைப்பீர்கள். மூன்றாக விட்டால் பட்டியலில் ஒரே முகவரி மூன்று முறை நிற்கும், அடுத்த முறை யாராவது இரட்டை என்று நினைத்து இரண்டை அழித்துவிடுவார்கள்.

மின்னஞ்சலைக் கடையின் பெயரில் ஒரு தனிப் பதிவாகப் போடுங்கள். யார் யார் அதைப் பார்க்கிறார்கள், கொள்முதல் யார், வரவு செலவு யார் என்று குறிப்பில் எழுதுங்கள். மூவருக்கும் தனித்தனிப் பதிவில் செல் எண் மட்டும் இருக்கட்டும், மின்னஞ்சல் கட்டம் காலியாக இருக்கட்டும். நாளை தம்பி தனக்கென்று ஒரு முகவரி தொடங்கினால் அதை அவர் பதிவில் சேருங்கள், கடைப் பதிவின் குறிப்பையும் அன்றே திருத்திவிடுங்கள். கணக்கு விவரங்கள் இனி எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் அப்பாவிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.